ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் முதல் ஆல்பம்: பாட்டு பாட்டாகக் கேட்பவர்களுக்கு அடிக்கடி எழும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் கூடி ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறார்கள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்னும் அமெரிக்க ராப் மெட்டல் குழு 1992ஆம் ஆண்டு நவம்பரில் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம் அது. அதைப் போட்டுக் காட்டுபவன் என்பதால், பிள்ளைகளிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் ஒரே விதமான ஐயங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

இது எந்த ஊரு பேண்டுண்ணே? யார் யார் இருக்காங்க?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1991இல் உருவான குழு இது. சாக் டி லா ரோச்சா பாடுகிறார். டாம் மொரெல்லோ கித்தாரும், டிம் காமர்ஃபோர்டு பேஸ் கித்தாரும், பிராட் வில்க் டிரம்ஸும் வாசிக்கிறார்கள். ஆல்பத்தில் பத்துப் பாட்டுகள், மொத்தம் சுமார் 53 நிமிடங்கள். தயாரித்தவர் கார்த் ரிச்சர்ட்சன், ஒலிக்கலவை செய்தவர் ஆண்டி வாலஸ்.

பாடகரும் கித்தார் வாசிப்பவரும் வளர்ந்த பின்னணியைத் தெரிந்துகொண்டால் பாட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும். சாக்கின் தந்தை பெட்டோ, மெக்சிக்க வழி அமெரிக்க ஓவியர்களின் 'லாஸ் ஃபோர்' குழுவைச் சேர்ந்தவர். மொரெல்லோவின் தந்தை கென்யாவின் அரசதந்திரி, தாய் ஆசிரியை. மொரெல்லோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்துப் பட்டம் பெற்றவர். அரசியல் இவர்களுக்கு வீட்டிலேயே புழங்கிய பேச்சு.

ராப்னா யோகி பி மாதிரி. மெட்டல்னா கத்தல். ரெண்டும் எப்படிண்ணே ஒண்ணா சேரும்?

இவர்கள்தான் முதன்முதலில் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. 1986இல் ரன் டி.எம்.சி. என்னும் ராப் குழுவும் ஏரோஸ்மித் என்னும் ராக் குழுவும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். 1991இல் பப்ளிக் எனிமியும் ஆந்த்ராக்ஸும் சேர்ந்திருக்கிறார்கள். அவையெல்லாம் இரு வேறு தரப்பினர் ஒரு பாட்டுக்காகக் கைகோத்தவை. இங்கே ஒரே குழு, ஒரு முழு ஆல்பத்தையும் அப்படியே அமைத்திருக்கிறது.

மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பியின் குழு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ராப் பாடகர் தாளத்தின் மேல் சொற்களை எப்படி அடுக்குகிறார் என்பது பழகிய விஷயம். சாக்கும் அதையே செய்கிறார். ஆனால் அவருக்குப் பின்னால் கணினியில் உருவாக்கிய தாளம் கிடையாது. மூன்று பேர் நேரில் வாசிக்கிறார்கள். ஆல்பத்தின் உறைக்குள்ளேயே, இந்தப் பதிவில் சாம்பிள் (வேறு பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பாட்டுக்கு வரும்போது இது தேவைப்படும்.

எனக்குப் பிடிச்ச ரெண்டு பாட்டை மட்டும் கேட்டா பத்தாதா? ஏன் வரிசையா கேக்கணும்?

இரண்டு பாட்டை மட்டும் கேட்டால் இது வெறும் கோபக்காரர்களின் இசை என்ற எண்ணமே மிஞ்சும். வரிசையாகக் கேட்டால் அந்தக் கோபம் ஒவ்வொரு பாட்டிலும் வேறு ஒரு குறியை நோக்கிப் போவது தெரியும். இரண்டாம் பாட்டில் காவல்துறை, மூன்றாம் பாட்டில் பாடத்திட்டம், ஐந்தாம் பாட்டில் தொலைக்காட்சிச் செய்தி, ஏழாம் பாட்டில் உளவுத்துறை என்று, யார்மீது கோபம், எதற்காகக் கோபம் என்பதை அவர்கள் ஒருபோதும் மங்கலாக விடுவதில்லை. இந்த ஆல்பத்தை நான் விடாமல் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் இதுதான்: குறி தெரிந்த கோபத்தைக் காதால் பின்தொடரக் கற்றுக்கொடுக்கும் இசை வேறு அதிகம் இல்லை.

இசை காரணமும் ஒன்று உண்டு. நான்காம் பாட்டின் அமைதி, முதல் மூன்று பாட்டுகளின் இரைச்சலுக்குப் பின் வந்தால்தான் உறைக்கும். தனியாகக் கேட்டால் அது சற்று மந்தமான பாட்டாகவே தோன்றும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. பாட்டு புரியாம கேட்டு என்ன பிரயோசனம்?

முதல் தடவை சொற்களை விட்டுவிடுங்கள். சாக்கின் குரல் எங்கே பேச்சாக இருக்கிறது, எங்கே முணுமுணுப்பாக மாறுகிறது, எங்கே அலறலாக உயர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை, ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று கீழே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மூன்றாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களுக்கும் இதே முறைதான். வரிகளை முதலிலேயே படித்தவர்கள் கண்ணால் கேட்கிறார்களே தவிரக் காதால் கேட்பதில்லை.

அட்டையில ஒரு ஆளு நெருப்புல எரியறாரே தம்பி. இதையெல்லாம் வீட்டுல வைக்கலாமா?

அந்தப் படம் இசைக்காகச் செயற்கையாக எடுக்கப்பட்டதில்லை, அம்மா. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் வியட்நாமின் சைகோன் நகரத்தில், நோ டின் தியெம் அரசு பௌத்தர்களை ஒடுக்கியதை எதிர்த்துத் திக் குவாங் டக் என்னும் துறவி நடுச்சாலையில் அமர்ந்து தீக்குளித்தார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் மால்கம் பிரவுன் எடுத்த அந்தப் புகைப்படம் உலகமெங்கும் நாளிதழ்களில் வெளியானது. துறவி சம்மணமிட்டு அமர்ந்தபடி, அசையாமல் எரிகிறார்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அட்டையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால், அந்தத் துறவி யார், ஏன் அப்படிச் செய்தார் என்பதை முழுதாகச் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னால்தான் அந்தப் படம் மிரட்டும்.

முதல் பாட்டு சன்னமா ஆரம்பிக்குதேன்னு சத்தத்தைக் கூட்டினேன், அப்புறம் காதே போச்சு. எவ்வளவு சத்தத்துல கேக்கறது?

'பாம்ப்டிராக்' வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கித்தாரும் பேஸும் ஒரே ரிஃப்பை அடங்கிய ஒலியில் சேர்ந்து வாசிக்கின்றன. டிரம்ஸ் மெல்லக் கணக்கு வைக்கிறது. பிறகு அதே ரிஃப் முழு பலத்தோடு வெடிக்கிறது. ரிஃப் என்பது பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சிறு கித்தார் மெட்டு. முதலில் இரகசியமாகச் சொன்ன ஒன்றையே பின்னர் உரக்கச் சொல்வது இந்த ஆல்பத்தின் வழக்கம், அதை முதல் அரை நிமிடத்திலேயே காட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் பாட்டின் நடுப்பகுதியைப் போட்டு, காதுக்கு இதமான அளவில் ஒலியை நிறுத்துங்கள். பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பி, கடைசி வரை பொத்தானைத் தொடாதீர்கள். அமைதியும் இரைச்சலும் மாறிமாறி வரும் இந்த ஏற்றத்தாழ்வுதான் பாட்டின் பாதி. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கித்தார் அதில் காணாமல் போய்விடும், மூன்றாம் பாட்டும் ஐந்தாம் பாட்டும் எலும்பில்லாமல் நிற்கும். நல்ல ஹெட்போனோ காரில் உள்ள ஒலிபெருக்கியோ போதும்.

ரெண்டாவது பாட்டுல ஒரே கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

'கில்லிங் இன் தி நேம்' பாட்டில் வரிகள் மிகவும் குறைவு. ஒரு சிறு தாளில் அடங்கிவிடும். அதிகாரச் சீருடை அணிந்தவர்களில் சிலரே இனவெறிக் கூட்டத்தோடு சிலுவை எரிக்கிறவர்கள் என்பது அதன் மையக் குற்றச்சாட்டு. சிலுவையை எரித்துக் கருப்பின மக்களை மிரட்டுவது அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் அமைப்பின் வழக்கம். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் ராட்னி கிங் என்னும் கருப்பினத்தவரை அடித்துத் துவைத்ததை ஒருவர் தம் வீட்டிலிருந்து காணொளியாகப் பதிவு செய்தார். 1992 ஏப்ரலில் அந்தக் காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றி எரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் இந்த ஆல்பம் கடைக்கு வந்தது.

இறுதிப் பகுதியில், நீ சொல்வதை நான் செய்யமாட்டேன் என்னும் பொருள்படும் ஒரே வாக்கியம், நீங்கள் சொல்லும் அந்த வசைச் சொல்லோடு 16 முறை வருகிறது. அதை எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். முதலில் வாய்க்குள் முனகுவதைப் போலத் தொடங்குகிறது. அடியில் கித்தார் ஒரே இடத்தில் நின்று இறுகிக்கொண்டே போகிறது. பின்பாதியில் அது முழு அலறலாகிவிடுகிறது. சொல்லில் மாற்றமே இல்லை, அதைச் சொல்லும் ஆளின் துணிவுதான் படிப்படியாக வளர்கிறது. மறுப்பு ஒருவனுக்குள் எப்படி முதிர்கிறது என்பதை இவ்வளவு நேராக இசையில் கேட்பது அரிது. வசைச் சொல் நம் வீடுகளில் ஒலிக்கத் தக்கது என்று நான் வாதிட மாட்டேன். தாத்தா பாட்டி இருக்கும் நேரத்தில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் பாட்டில் கித்தாரின் மிகத் தடித்த தந்தியை ஒரு முழுச் சுரம் கீழே இறக்கி டி சுருதியில் வைத்திருக்கிறார்கள். அப்போது கீழ்த் தந்திகளை ஒரே விரலால் அழுத்தி, கனமான ஒலிகளை விரைவாக நகர்த்த முடியும். டிராப் டி என்று இதைச் சொல்வார்கள். மொரெல்லோ ஒரு மாணவருக்கு இந்தச் சுருதியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது பிறந்த ரிஃப் இது.

தம்பி, அமெரிக்காக்காரன் அவன் ஊரு போலீசைத் திட்டுறான். நம்ம தோட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை, ஐயா. அவர்களின் வரலாறு அவர்களுடையது. அதை நம்முடையதாக்கிக்கொள்வதும் தவறாகும். ஆனால் பணிய மறுப்பது என்ன என்பதை நம் பிள்ளைகள் வெளியூர்ப் பாட்டில்தான் முதன்முதலில் கேள்விப்பட வேண்டும் என்ற நிலையும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையோ, கிராணி எனப்படும் எழுத்தரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பது. அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இரண்டாம் பாட்டைக் கேட்டு முடித்ததும் பிள்ளைகளுக்கு இந்தச் சைக்கிள் செய்தியைச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலானோர் அதை அன்றுதான் கேள்விப்படுகிறார்கள், அவர்களின் பாட்டனார் காலத்துச் செய்தி என்றாலும்.

மூணாவது பாட்டு ஆடச் சொல்ற மாதிரி இருக்கு. ஆனா பள்ளிக்கூடத்தைத் திட்டுற பாட்டுன்னு சொல்றாங்களே?

இரண்டும் சரி. 'டேக் தி பவர் பேக்' பாட்டில் காமர்ஃபோர்டு பேஸ் தந்தியைக் கட்டைவிரலால் தட்டியும் மற்ற விரலால் சுண்டியும் வாசிக்கிறார். ஃபங்க் இசையிலிருந்து வந்த முறை அது, கால் தானாகவே அசையும். பாட்டின் பொருளோ, ஐரோப்பியரின் வரலாற்றையே எல்லாருக்கும் வரலாறு என்று பாடநூல் கற்பிக்கிறது என்ற குற்றச்சாட்டு. படிப்பே வேண்டாம் என்று எந்த வரியும் சொல்வதில்லை. எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகள் இதைச் சாக்காக வைத்துப் புத்தகத்தை மூடினால், பாட்டை அவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதே பொருள்.

என் பையன் நாலாவது பாட்டையே போட்டுக்கிட்டு இருக்கான். அதுல துப்பாக்கி, கேங்னு வருதாம். பயமா இருக்கு தம்பி.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மா. இந்த ஊரில் பையன்களைப் பெற்ற எல்லாருக்கும் உள்ள பயம்தான் அது. 'செட்டில் ஃபார் நத்திங்' அப்படிப்பட்ட ஒரு பையனின் வாயிலிருந்து வரும் பாட்டு. அவன் தந்தையை அறியாதவன். வீட்டின் வேதனையோடு ஒப்பிட்டால் சிறையே விடுதலை என்று அவனுக்குத் தோன்றுகிறது. வெறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. துப்பாக்கியும் கூட்டத்தின் சைகையும் கிடைத்த பிறகுதான் தனக்கு ஒரு பெயர் கிடைத்தது என்கிறான்.

இதில் எந்த இடத்திலும் அந்த வாழ்க்கை பெருமையாகக் காட்டப்படுவதில்லை. இசையைக் கவனியுங்கள்: ஆல்பத்தில் இதுவரை கேட்காத அளவுக்கு எல்லாம் ஒடுங்கிவிடுகிறது. கித்தார் இரைச்சல் நீங்கித் தெளிந்த ஒலியில் மெல்லச் சொட்டுகிறது, சாக் ஏறக்குறையக் காதோடு பேசுகிறார். திடீரென்று அலறல், மீண்டும் அமைதி, மீண்டும் அலறல். இறுதிப் பக்கத்தில் மொரெல்லோ ஜாஸ் இசையைப் போன்ற மென்மையான ஒரு தனி வாசிப்பை வைத்திருக்கிறார். வேறெந்தப் பாட்டிலும் அப்படி ஒன்று இல்லை. இப்போது நாம் எதுவும் செய்யாவிட்டால் பின்னால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதே பாட்டு சொல்ல வந்தது.

உங்கள் மகன் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றால், அவனுக்கோ அவனுடைய நண்பன் ஒருவனுக்கோ தெரிந்த ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். பாட்டை நிறுத்தச் சொல்லாமல், ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பையன் யாரைப் போல இருக்கிறான் என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் பத்துப் பாட்டுகளில் அதிக நேரம் பேசப்படுவது இதைப் பற்றித்தான். வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுவதும் இதற்குப் பிறகுதான்.

அஞ்சாவது பாட்டோட ஒலி மத்த பாட்டுங்களைவிட கொஞ்சம் முரட்டுத்தனமா கேக்குது. என் காதுதான் கோளாறா?

உங்கள் காது கூர்மையானது. 'புல்லட் இன் தி ஹெட்' ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிவு செய்யப்பட்டதில்லை. நிறுவன ஒப்பந்தம் கிடைப்பதற்கு முன் இவர்கள் பன்னிரண்டு பாட்டுகளைத் தாங்களே பதிவு செய்து, கேசட்டாக நிகழ்ச்சிகளில் விற்றார்கள். பங்குச்சந்தை விலைகள் அச்சான நாளிதழ்ப் பக்கமும், அதன்மேல் ஒட்டிய ஒரே ஒரு தீக்குச்சியும் அந்தக் கேசட்டின் அட்டை. அதில் இருந்த பதிவையே ஆல்பத்திலும் சேர்த்துக்கொண்டார்கள்.

பேஸ் ரிஃப்பில் தொடங்கி, பாதி தூரம் வரை அடக்கி வாசித்து, பிறகு கனத்துக்கொண்டே போகும் பாட்டு இது. 1991 வளைகுடாப் போரின்போது தொலைக்காட்சி சொன்னதையெல்லாம் கேள்வி கேட்காமல் விழுங்கியவர்களைப் பற்றியது. தலையில் பாயும் குண்டு என்று தலைப்பு சொல்வது திரையிலிருந்து வரும் குண்டைத்தான். கைப்பேசியில் பகிரப்படும் செய்திகளை அப்படியே நம்பும் பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

டிஜே கிடையாது, கீபோர்டு கிடையாதுன்னு சொன்னீங்க. அப்ப ஆறாவது பாட்டு ஆரம்பத்துல அந்த வெட்டி வெட்டி வர்ற சத்தம் என்னண்ணே?

கித்தார்தான். உறையில் அச்சிட்டிருப்பதாக இரண்டாம் கேள்வியில் சொன்னது உண்மை என்பதற்கு 'நோ யுவர் எனிமி' நல்ல சான்று. மின்கித்தாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் எனப்படும் ஒலிவாங்கிகள் பெரும்பாலும் இரண்டு இருக்கும். எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்க ஒரு சிறு விசை இருக்கும். மொரெல்லோ ஒரு பிக்கப்பின் ஒலியளவை முழுவதும் மூடிவிட்டு, மற்றதை முழுவதும் திறந்துவைக்கிறார். ஓர் ஒலியை எழுப்பி அது நீண்டு ஒலிக்கும்போதே, வலக்கையால் அந்த விசையை இப்படியும் அப்படியும் விரைவாகத் தட்டுகிறார். விசை ஒரு பக்கம் போனால் ஒலி, மறு பக்கம் போனால் மௌனம். தாளத்தோடு தட்டினால், ஒலியைக் கத்தரித்துக் கத்தரித்து ஒட்டியதைப் போலக் கேட்கும்.

இரண்டாம் பாட்டின் தனி வாசிப்பில் கீச்சென்று வானத்துக்கு எகிறும் ஒலியும் இப்படிப்பட்டதுதான். அது வாமி எனப்படும் கால்மிதி. அழுத்தினால் வாசிக்கும் சுரம் ஸ்தாயி தாண்டி வழுக்கிக்கொண்டு மேலே போகும், விட்டால் இறங்கும். விலை உயர்ந்த கருவிகளின் மாயம் எதுவும் இதில் இல்லை. பெரும்பாலான மின்கித்தார்களில் உள்ள ஒரு விசையை, அது செய்யப்படாத வேலைக்குப் பயன்படுத்திய அறிவு அது.

அதே பாட்டுல நடுவுல வேற யாரோ பாடற மாதிரி இருக்கே?

ஆம். டூல் என்னும் குழுவின் பாடகர் மேனார்டு ஜேம்ஸ் கீனன் அந்தப் பகுதியைப் பாடியிருக்கிறார். கூடுதல் தாளக் கருவிகளை ஜேன்ஸ் அடிக்ஷன் குழுவின் ஸ்டீபன் பெர்கின்ஸ் வாசித்திருக்கிறார்.

நான் கோயில் திருவிழால உருமி அடிக்கிறவன். இவங்க தாளம் எனக்கு ஏன் இவ்வளவு பழக்கமா இருக்கு?

உருமி மேளத்தில் ஒரு தாளக்கட்டு பிடித்துக்கொண்டால் அதை விடாமல் சுழற்றுவீர்கள்; வளைந்த குச்சியால் தோலை உரசும்போது அந்த முனகல் ஒலி மேலும் கீழும் இழுபடும். இந்தக் குழுவிலும் பேஸும் டிரம்ஸும் ஒரே சுழலைப் பிடித்து நிற்கின்றன, அதன்மேல் வாமி மிதியோடு கித்தார் இழுபட்டு அலைகிறது. உங்கள் கைக்கு அது பழகியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பிராட் வில்க் குறைவாகவே அடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். இடைவெளி விடத் தெரிந்தவர் அவர், அடிக்கும் அடி கனமாக விழுவது அதனால்தான்.

வேறுபாடு ஒன்று உண்டு. அருள் வரும் நேரத்தில் உருமி வேகம் பிடிக்கும். இவர்கள் பல இடங்களில் உச்சத்துக்குப் போக வேகத்தைக் குறைக்கிறார்கள். பத்தாம் பாட்டின் பின்பகுதியில் அதைத் தெளிவாகக் கேட்கலாம்.

ஏழாவது பாட்டு மேட்ரிக்ஸ் படத்துல வந்ததுதானே? நடுவுல ஏதோ படிக்கிறாரே, அது என்ன?

1999இல் வந்த அந்தப் படத்தின் முடிவில் ஒலிப்பது இதே 'வேக் அப்' தான். ஆனால் பாட்டு படத்துக்கு ஏழு ஆண்டுகள் முந்தியது. பொருளும் முற்றிலும் வேறு.

நடுவில் இசை தணிந்ததும் சாக் பேச்சுக்குரலில் படிப்பது அமெரிக்க உளவுத்துறையான எஃப்.பி.ஐ.யின் உள் ஆவணம் ஒன்றின் பகுதி. கருப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய தலைவர் எவரும் எழாமல் தடுக்க வேண்டும் என்று, எட்கர் ஹூவர் இயக்குநராக இருந்தபோது 1968 மார்ச் 4ஆம் நாள் அனுப்பப்பட்ட அறிவுறுத்தல் அது. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் அதில் இருக்கிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 4ஆம் நாள், கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரியிலேயே கொல்லப்பட்டிருந்தார். பாட்டு இருவரையும் நினைவுகூர்கிறது.

இந்த இடத்தில் சாக் கத்தாமல் படிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அலுவலக மொழியில் எழுதப்பட்ட ஒரு தாளை அலுவலகக் குரலிலேயே படிக்கிறார், கேட்பவருக்கு உடல் சிலிர்க்கிறது. அதன் பிறகு வரும் அலறலுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. முடிவில் எவ்வளவு காலம் என்று கேட்டு, நெடுங்காலம் இல்லை என்று பதில் சொல்லும் வரிகள், 1965 மார்ச்சில் மான்ட்கோமரி நகரத்தில் கிங் ஆற்றிய உரையை எதிரொலிப்பவை. ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு இது என்பது என் முடிவு. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாம் பாட்டுக்குத்தான் வாக்களிப்பார்கள்.

எட்டாவதும் ஒன்பதாவதும் எனக்கு ஒட்டவே இல்லண்ணே. தாண்டிடலாமா?

தாண்ட வேண்டாம், ஆனால் ஏழாம் பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு எடுங்கள். 'ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் ஸ்டீல்' ஒலிவாங்கியையே ஆயுதமாகச் சொல்லும் பாட்டு. மொரெல்லோவின் கித்தார் அபாயச் சங்கைப் போல ஊளையிடுவதற்காகவாவது அதைக் கேட்கலாம். எழுத்தில் அது மற்றவற்றைவிடச் சற்று மெலிந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

'டவுன்ஷிப் ரெபெலியன்' அப்படியில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கையும் லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பகுதியையும் ஒரே மூச்சில் பக்கத்தில் வைக்கிறது. ஆல்பம் வந்தபோது நெல்சன் மண்டேலா விடுதலையாகி மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994 ஏப்ரலில்தான் நடந்தது. முடிவு தெரியாத நேரத்தில் பாடப்பட்ட பாட்டு என்று நினைத்துக் கேளுங்கள்.

கடைசி பாட்டு யாரைப் பத்தி? வீடியோல ஒரு சிறைக்கைதியைக் காட்டுறாங்களே?

'ஃப்ரீடம்' பாட்டின் காணொளி லியோனார்டு பெல்டியர் என்னும் அமெரிக்கப் பூர்வகுடிச் செயற்பாட்டாளரைப் பற்றியது. 1975 ஜூன் 26ஆம் நாள் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். அதற்காகப் பெல்டியருக்கு 1977இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று பலர் பல ஆண்டுகளாக வாதிட்டார்கள், எஃப்.பி.ஐ. அவரது விடுதலையைக் கடைசி வரை எதிர்த்தது. 2025 ஜனவரியில் அதிபர் பைடன் தம் பதவிக்காலம் முடியும் நாளில் தண்டனையை வீட்டுக்காவலாக மாற்றினார், பிப்ரவரியில் பெல்டியர் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

உருமியைப் பற்றிய பதிலில் சொன்ன வேகக் குறைப்பு இந்தப் பாட்டில்தான். இசை ஏறக்குறைய நின்றுவிடும் இடத்தில், சினம் ஒரு கொடை என்று பொருள்படும் ஒரு சிறு வரியைச் சாக் கிசுகிசுக்கிறார். அதை அலறாமல் கிசுகிசுத்ததால்தான் இத்தனை ஆண்டுகளாகப் பலருக்கு அது மனப்பாடமாக இருக்கிறது.

முதலாளிகளை எதிர்த்துப் பாடறவங்க சோனி கம்பெனி மூலமா ஏன் வித்தாங்க? இது முரண்பாடு இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆல்பத்தை வெளியிட்ட எபிக், சோனியின் இசைப் பிரிவைச் சேர்ந்தது. படைப்பில் நிறுவனம் தலையிடாது என்ற உறுதி கிடைத்ததாகவும், அதிகம் பேரைச் சென்றடைய அந்த வழி தேவைப்பட்டதாகவும் குழுவினர் விளக்கம் சொன்னார்கள். சிறு நிறுவனம் ஒன்றின் வழியாக வந்திருந்தால் பேராக்கில் இருக்கும் நம் காதுக்கு இது எட்டியிருக்குமா என்பது ஐயமே.

ஆனாலும் முரண்பாடு முழுவதும் நீங்கிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2009இல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் ஆதிக்கத்தை எதிர்த்து, பொதுமக்கள் திட்டமிட்டு 'கில்லிங் இன் தி நேம்' பாட்டை வாங்கிக் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் போட்டியில் வென்றவரின் பாட்டை வெளியிட்டதும் சோனியின் பிரிவுதான். மொரெல்லோவும் மற்றவர்களும் அந்த வருவாயிலிருந்து வீடற்றோருக்கான தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் இலவச நிகழ்ச்சியும் நடத்தினார்கள். இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் முன் வைத்துவிட்டு, முடிவை அவர்களிடமே விடுகிறேன்.

பத்தும் கேட்டு முடிச்சாச்சு. அடுத்து என்னண்ணே?

இவர்களின் அடுத்த ஆல்பங்கள் 1996இலும் 1999இலும் வந்தன. 2000இல் மற்றவர்களின் பாட்டுகளைத் தங்கள் முறையில் வாசித்த தொகுப்பு ஒன்றும் வந்தது. ஆனால் அவற்றுக்குப் போகுமுன், 2012இல் வெளியான இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஐந்தாம் பாட்டைப் பற்றிய பதிலில் சொன்ன அந்தக் கேசட்டின் பாட்டுகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 'பாம்ப்டிராக்' பாட்டை முதலில் கேசட்டிலும் பிறகு ஆல்பத்திலும் அடுத்தடுத்துக் கேளுங்கள், டிரம்ஸ் ஒலியில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். வரும் சனிக்கிழமை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.